தாய்லாந்தில் கோளாறு ஓட்டு எண்ணும்போதா, எண்ணி முடித்த பிறகா?

நீங்கள் கேட்டிருப்பது இது: "2023-ல் தாய்லாந்தில் முதலிடம் வந்த கட்சியால் ஆட்சி அமைக்க முடியவில்லை, அப்புறம் அந்தக் கட்சியையே கலைத்துவிட்டார்கள். இணையத்தில் ஒரு கோஷ்டி 'திருட்டுத் தேர்தல்' என்கிறது, இன்னொரு கோஷ்டி 'காசு வாங்கி ஓட்டுப் போடுகிற ஜனத்துக்குத் தேர்தல் ஒரு கேடா' என்கிறது. அங்கே ஓட்டு எண்ணிக்கையில் மோசடி நடக்கிறதா இல்லையா?" இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. பெட்டியில் விழுந்ததை ஒழுங்காக எண்ணுகிறார்களா என்பது ஒன்று. எண்ணி வந்த கணக்கை வைத்துத்தான் யார் ஆள்வது என்று முடிவாகிறதா என்பது இன்னொன்று. நீங்கள் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்களை உறுத்துவது இரண்டாவது என்று நினைக்கிறேன். அங்கே சண்டை போடுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பாங்காக்கில் 15 வருஷம் இருந்தவன், பிழைப்பு மொழிபெயர்ப்பு. 2011, 2019, 2023 மூன்று பொதுத்தேர்தல்களிலும் வெளிநாட்டுப் பார்வையாளர் குழுக்களுக்குத் துபாஷியாகப் போயிருக்கிறேன். சட்டம் படித்தவனில்லை. மூன்றிலும் சேர்த்து நான் உள்ளே நின்று பார்த்த வாக்குச்சாவடிகள் நாற்பதைத் தாண்டாது. 2023-ல் மட்டும் நாடு முழுக்கச் சுமார் 95 ஆயிரம் சாவடிகள். என் கண்ணால் கண்டதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் சத்தம் போடும் வெளிநாட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. நம்ம ஊர் மாதிரி மின்னணு எந்திரம் கிடையாது. காகித ஓட்டு, பேனாவால் பெருக்கல் குறி. சாயங்காலம் 5 மணிக்குச் சாவடியை மூடியதும் பெட்டியை வேறு எங்கும் கொண்டுபோகாமல் அதே இடத்தில், ஊர்க்காரர்கள் முன்னாலேயே எண்ணுகிறார்கள். 2023 மே 14 அன்று நான் கோன் கேன் மாகாணத்தில் ஒரு புத்த கோயில் மண்டபத்தில் இருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது, டியூப்லைட்டைச் சுற்றி ஈசல். ஒருவர் சீட்டைப் பிரித்துத் தலைக்கு மேலே தூக்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குக் காட்டுகிறார், எண்ணை உரக்கச் சொல்கிறார், பலகையில் ஒட்டிய தாளில் இன்னொருவர் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு கோடு போடுகிறார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. ஒரு சீட்டில் பெருக்கல் குறியின் ஒரு கால் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதிகாரி "பத் சியா" (செல்லாத ஓட்டு) என்று தள்ளிவைக்கப் போனார். கயிற்றுக்கு வெளியே இருந்த ஒரு பாட்டி, "கை நடுங்குகிறவர் போட்டது, கட்டத்துக்குள்தானே இருக்கு, நல்லாப் பாரு" என்று கத்தினார். மறுபடி பார்த்தார்கள், செல்லும் என்றார்கள், பலகையில் கோடு விழுந்தது. பக்கத்தில் நாலைந்து பையன்கள் முழு நேரமும் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டியையும் பையன்களையும் மீறி அந்த மண்டபத்தில் ஆயிரம் ஓட்டைக் கள்ளத்தனமாகச் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை.

அதற்காக எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. சாவடியிலிருந்து கணக்கு மேலே போகப் போகக் குளறுபடி கூடுகிறது. 2019 மார்ச் 24 தேர்தல் ராத்திரி, வாக்குப்பதிவு 66 சதவீதத்தை ஒட்டி என்று தேர்தல் ஆணையம் சொன்னது. நாலு நாள் கழித்து 74 சதவீதத்துக்கு மேல் என்று மாற்றியது. நியூசிலாந்திலிருந்து வந்த சுமார் 1,500 ஓட்டுகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று எண்ணாமலே செல்லாது என்றார்கள். 2023-ல் முன்கூட்டி வாக்களிக்கும் நாளில் (மே 7) உறையின் மேல் தொகுதிக் குறியீட்டைத் தப்பாக எழுதினார்கள் என்று ஏகப்பட்ட புகார். இன்னொரு கூத்து: தொகுதி வேட்பாளருக்கான ஊதா சீட்டில் பெயரும் கிடையாது, கட்சிச் சின்னமும் கிடையாது, வெறும் எண்தான். அந்த எண்ணும் கட்சிப் பட்டியலுக்கான (வேட்பாளருக்கு இல்லாமல் கட்சிக்கே போடும் இரண்டாவது ஓட்டு) பச்சை சீட்டில் உள்ள எண்ணும் வேறு வேறு. நீங்கள் சொன்ன, முதலிடம் வந்த மூவ் ஃபார்வர்ட் கட்சிக்குப் பச்சையில் எண் 31, ஆனால் அதே கட்சி வேட்பாளர் ஊதாவில் உங்கள் தொகுதியில் 4 ஆக இருப்பார், பக்கத்துத் தொகுதியில் 9 ஆக இருப்பார். இதைச் சதி என்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கணிப்பு, பெரும்பகுதி அசட்டுத்தனமும் அலட்சியமும்தான். அதே விதிகளுக்குள் அதே ஆணையம் நடத்திய தேர்தலில்தான் ஆட்சியிலிருந்தவர்கள் படுமோசமாகத் தோற்றார்கள் என்பதை மறக்கக் கூடாது. மூவ் ஃபார்வர்டுக்கு 151, முன்னாள் பிரதமர் தக்சின் பக்கத்துப் பியூ தாய்க்கு 141, 2014-ல் ராணுவப் புரட்சி நடத்தி அப்போது பிரதமராக இருந்த பிரயுத் சான்-ஓ-சாவின் புதுக் கட்சிக்கு 36. எண்ணிக்கையில் கைவைக்கும் அளவுக்கு யாருக்காவது துணிச்சலும் வசதியும் இருந்திருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது.

அடுத்து காசு. இது உண்மை, யாரும் மறுக்க முடியாது. தேர்தலுக்கு முந்தின ராத்திரிக்குத் தாய் மொழியில் ஒரு பெயரே உண்டு, "குயுன் மா ஹோன்". நாய் ஊளையிடும் ராத்திரி. கட்சிக்காரர்கள் இருட்டில் வீடு வீடாகப் பட்டுவாடாவுக்குப் போக, தெரு நாயெல்லாம் குரைத்து ஊரை எழுப்பிவிடும் என்பதால் வந்த பெயர். பணத்துக்குக் குழூஉக்குறி "தோட்டா". பட்டுவாடா பண்ணும் உள்ளூர் ஆளுக்கு "ஹுவா கனேன்" என்று பேர், நம்ம பூத் ஏஜெண்டும் வட்டச் செயலாளரும் ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மேலே மாகாணத்தையே கையில் வைத்திருக்கும் குடும்பங்கள், அவர்களை "பான் யாய்" என்பார்கள், பெரிய வீடு.

ஆனால் காசு கொடுத்தால் ஓட்டு விழுந்துவிடுகிறதா என்பது சந்தேகத்துக்குரிய பகுதி, ஆராய்ச்சியாளர்களே இதில் ஒத்துப்போவதில்லை. 2011-ல் வடகிழக்கே உபோனில் சோம் தாம் (பப்பாளிக்காய் சாலட்) இடித்து விற்கும் ஓர் அம்மாவிடம் எங்கள் குழுவில் ஒருவர் நேராகவே கேட்டார், நான் கூசிக்கூசித்தான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா உலக்கையை நிறுத்தாமலே, "இரண்டு பேர் கொடுத்தார்கள், இரண்டையும் வாங்கினேன், ஓட்டு மூன்றாவது ஆளுக்கு" என்றார். ஒரு அம்மா சொன்னதை வைத்து நாட்டை அளக்க முடியாது, தெரியும். 2023-ஐப் பாருங்கள். மூவ் ஃபார்வர்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஹுவா கனேன் கூட்டமே இல்லை, அப்படியும் பாங்காக்கை ஒட்டிய சமுத் பிரகானில் காலகாலமாக ஆதிக்கம் செலுத்திய குடும்பத்தைத் தூக்கி எறிந்து எட்டுக்கு எட்டும், பாங்காக்கில் 33-க்கு 32-ம் ஜெயித்தார்கள். அதே தேர்தலில் புரிராமில் பத்துக்குப் பத்தும் பூம்ஜாய்தாய் கட்சிக்குப் போனது, அது சிட்சோப் குடும்பத்தின் கோட்டை. புரிராமில் ஜெயித்தது காசா, இல்லை அந்தக் குடும்பம் ஊருக்குக் கொண்டுவந்த கால்பந்து மைதானமும் சாலைகளுமா? ஊர்க்காரர்களிடம் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

இந்தக் காசு விவகாரத்தை விரிவாகச் சொல்லக் காரணம், 20 வருஷமாகத் தாய்லாந்தைப் பிளந்து வைத்திருக்கும் வாதமே இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. கிராமத்து ஜனம் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறது, பாங்காக் நடுத்தர வர்க்கம் அதைக் கவிழ்க்கிறது என்று அநேக் லாவோதமதாத் என்ற அரசியல் அறிஞர் 1990-களிலேயே எழுதினார். 2001-ல் தக்சின் ஷினவத்ரா பிரதமராக வந்தார். 30 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) வைத்தியம் என்ற திட்டம் வந்தது. வடகிழக்கில் ஒரு விவசாயிக்கு முதல் தடவையாகத் தன் ஓட்டால் தன் வீட்டில் ஒன்று மாறியது. அந்த ஓட்டை யார் இனிமேல் 500 பாட்டுக்கு விலைபேசுவார்கள்? பாங்காக்கில் அதையே "மக்களை மொத்தமாக விலைக்கு வாங்கிவிட்டான்" என்று படித்தார்கள்.

சரி, எதிர்ப் பக்கத்தில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 2003-ல் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பேரில் சில மாதத்தில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2006 ஜனவரியில் தக்சின் குடும்பம் தன் ஷின் நிறுவனப் பங்குகளைச் சிங்கப்பூரின் டெமாசெக்குக்கு 73 பில்லியன் பாட்டுக்கு விற்றது, வரி ஒரு காசு இல்லை. 2013 நவம்பர் 1 அன்று, 2006-ல் கவிழ்க்கப்பட்டு வெளிநாட்டில் இருந்த அவர் நாடு திரும்ப வழிபண்ணும் பொதுமன்னிப்பு மசோதாவை அதிகாலை 4 மணிக்கு மேல் கீழவையில் அவர் கட்சிக்காரர்கள் நிறைவேற்றினார்கள். அந்த நேரத்தில் நிறைவேறுகிற மசோதாவைப் பார்த்து ஊர் கொதிக்காமல் என்ன செய்யும்? ஆனால் கொதித்தவர்கள் கேட்டது மறுதேர்தலை இல்லை. தக்சினை எதிர்த்த மஞ்சள் சட்டைக்காரர்கள் 2008-லேயே நாடாளுமன்றத்தில் 70 சதவீதம் நியமனம், 30 சதவீதம் தேர்தல் என்று யோசனை சொன்னார்கள். 2014-ல் "முதலில் சீர்திருத்தம், அப்புறம் தேர்தல்" என்று போராட்டத் தலைவர் சுதேப் தவுக்சுபானின் ஆட்கள் தெருவை மறித்தார்கள். தெற்கில் 28 தொகுதிகளில் வேட்புமனு தாக்கலே நடக்க விடவில்லை. பிப்ரவரி 2-ல் தேர்தல் நடந்தது, நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கவில்லை என்று மார்ச் 21-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மறித்தவர்கள் ஜெயித்தார்கள், வரிசையில் நின்றவர்கள் தோற்றார்கள். மே 22-ல் ராணுவம் வந்தது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. பெட்டி மூடிய பிறகு நடப்பது. தாய்லாந்தில் தேர்தலை ரத்து செய்யக் காரணங்கள் எவ்வளவு நுணுக்கமாக இருக்கும் என்பதற்கு 2006 ஏப்ரல் தேர்தல் உதாரணம். ஓட்டுப் போடுகிறவர் முதுகைப் பார்வையாளர்களுக்குக் காட்டும்படி சாவடி மறைப்பைத் திருப்பி வைத்ததால் ரகசியம் கெட்டது என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே வருஷம் செப்டம்பர் 19-ல் ராணுவம் தக்சின் ஆட்சியைக் கவிழ்த்தது. கட்சிக் கலைப்புகளை எண்ணினால் கை விரல் போதாது, பெரியவற்றை மட்டும் சொல்கிறேன்: 2007-ல் தக்சினின் தாய் ராக் தாய், 2008-ல் அதன் வாரிசுக் கட்சி, 2019 தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் தக்சின் பக்கத்துத் தாய் ரக்சா சார்ட், 2020-ல் தலைவரிடமே 191 மில்லியன் பாட் கடன் வாங்கியதற்காக ஃபியூச்சர் ஃபார்வர்ட், 2024 ஆகஸ்ட் 7-ல் அதன் வாரிசான மூவ் ஃபார்வர்ட். நீதிமன்றம் பதவியிழக்க வைத்த பிரதமர்கள் 2008 முதல் 2025 வரை ஐந்து பேர். அதில் சமக் சுந்தரவேஜ் போனது தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திக் காசு வாங்கியதற்காக. கடைசியாக 2025 ஆகஸ்டில் பேதோங்தான் ஷினவத்ரா, கம்போடியாவின் ஹுன் சென்னோடு பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்த விவகாரத்தில். ஒவ்வொரு வழக்கிலும் சட்டப்படி ஏதோ ஒரு கொக்கி இருக்கும், கொக்கியே இல்லாத வழக்கு என்று எதையும் சொல்ல முடியாது. அடி தொடர்ந்து ஒரே பக்கத்து ஆட்கள் மேலேயே விழுகிறது என்பதுதான் சங்கதி.

2023-ல் நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். ராணுவ ஆட்சி எழுதிய 2017 அரசியல் சாசனப்படி, முதல் ஐந்து வருஷம் பிரதமரைத் தேர்ந்தெடுக்க 500 எம்.பி.க்களோடு 250 செனட்டர்களும் ஓட்டுப் போடுவார்கள். அந்த 250 பேரை நியமித்தது ராணுவ ஆட்சி. ஆகப் பிரதமராக 376 வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஆரம்பத்திலேயே 250 கையில். 2019-ல் பிரயுத் 500 ஓட்டோடு வந்தது அப்படித்தான். அந்த வருஷம் கட்சிப் பட்டியல் இடங்களைப் பிரிக்கும் சூத்திரத்தைத் தேர்தல் முடிந்த பிறகுதான் ஆணையம் தெளிவுபடுத்தியது. ஓர் இடத்துக்குச் சுமார் 71 ஆயிரம் ஓட்டு என்று கணக்கு வந்தும், அந்த அளவு வாங்காத குட்டிக் கட்சிகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ராணுவ எதிர்ப்பு அணியின் பெரும்பான்மை அதோடு போச்சு. இதைத்தான் நான் உண்மையான மோசடி என்று சொல்வேன், பெட்டியில் சீட்டைத் திணிப்பதைவிட. 2023 ஜூலை 13-ல் மூவ் ஃபார்வர்ட் தலைவர் பிதா லிம்ஜாரோன்ராத்துக்கு 324 கிடைத்தது, அதில் செனட்டர்கள் 13 பேர். முடிந்தது கதை. ஆகஸ்ட் 22 காலையில் 15 வருஷத்துக்கு அப்புறம் தக்சின் விமானத்தில் வந்து இறங்கினார், அன்றைக்கே அவர் கட்சிக்காரர் ஸ்ரெத்தா தவிசின் முன்னாள் ராணுவத்தாரின் கட்சிகளோடு சேர்ந்து பிரதமரானார்.

இணையச் சண்டை இப்போது இவ்வளவு குழப்பமாக இருப்பதற்கு அந்த ஒரு நாள் முக்கியக் காரணம். அதற்கு முன்னால் கோடு தெளிவாக இருந்தது. தக்சின் ஆதரவாளர்களான சிவப்புச் சட்டைக்காரர்களை மற்றவர்கள் "சிவப்பு எருமை" என்பார்கள், எருமை என்றால் அங்கே முட்டாள். பதிலுக்கு அவர்கள் அரண்மனை விசுவாசிகளை "சலிம்" என்பார்கள், அது தேங்காய்ப் பாலில் போடும் கலர் கலரான சேமியா மாதிரிப் பலகாரம், 2010-ல் பல வண்ணச் சட்டைக்காரர்கள் என்று ஓர் அணி வந்தபோது பிறந்த பட்டப்பெயர். 2020-ல் எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரல் காட்டிய இளைஞர்களை "மூன்று குளம்பு" என்றார்கள். 2023-க்குப் பிறகு சிவப்பும் ஆரஞ்சும் (மூவ் ஃபார்வர்ட் ஆதரவாளர்கள்) ஒன்றையொன்று குதறுகின்றன. பழைய எதிரிகள் பியூ தாய் தலைமையகத்துக்கு வந்து மின்ட் சாக்லேட் பானம் குடித்த படம் ஒன்று வெளியானது. அதிலிருந்து "மின்ட் சாக்" என்று யாராவது கருத்து போட்டால் பானத்தைப் பற்றி இல்லை, துரோகி என்று அர்த்தம். கூகுள் மொழிபெயர்ப்பில் படிக்கிறவருக்கு இது எங்கே புரியப்போகிறது.

இதிலும் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ராணுவத்தோடு தொடர்புடைய போலிக் கணக்குகள் இருந்தன என்பது உறுதி: 2020 அக்டோபரில் ட்விட்டர் 926 கணக்குகளை நீக்கியது, 2021 மார்ச்சில் ஃபேஸ்புக் 185 கணக்குகளையும் பக்கங்களையும் குழுக்களையும் நீக்கியது. அதற்காகத் தனக்குப் பிடிக்காத கருத்து சொல்கிற ஒவ்வொருவரையும் "ஐ.ஓ." (ராணுவத்தின் தகவல் போர்ப் பிரிவு ஆள்) என்று முத்திரை குத்துவது வெறும் வசவு. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, 60 தாண்டியவர், உண்மையாகவே பிரயுத்துக்கு ஓட்டுப் போட்டார், யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. அவர் மகன் ஆரஞ்சு. ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே லைன் என்ற அரட்டைச் செயலியில் ஒருவரையொருவர் பிளாக் செய்து வைத்திருந்தார்கள். இன்னொன்று, முடியாட்சி பற்றிப் பேசினால் 112-ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 வருஷம் சிறை. ஆகவே அங்கே பொதுவெளியில் படிக்கக் கிடைப்பது முழு விவாதம் இல்லை, பேசத் துணிந்த பகுதி மட்டும்.

செனட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 250 பேரின் காலம் 2024-ல் முடிந்தது. புதிய 200 பேரைப் பொதுமக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 40 வயதைத் தாண்டியவர்கள் 2,500 பாட் கட்டி 20 தொழில் குழுக்களில் சேர்ந்து, மாவட்டம், மாகாணம், தேசம் என்று மூன்று கட்டமாகத் தங்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள். கூட்டாகப் பேசிவைத்துச் செய்தார்கள் என்ற புகார் 2025-ல் விசாரணைக்கு வந்தது, சந்தேகம் பூம்ஜாய்தாய் பக்கம். குற்றம் நிரூபணமானது என்று யாராவது எழுதினால் தீர்ப்பு எங்கே என்று கேளுங்கள். பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்த செனட்டுக்கு இல்லை, ஆனால் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் தேர்தல் ஆணையர்களுக்கும் ஒப்புதல் தருவது இவர்கள்தான். அடுத்த ஏழு எட்டு வருஷத்துக்கு யார் நடுவர் என்பது அங்கே முடிவாகிறது, ஆனால் இணையத்தில் இதற்குக் கிடைக்கும் கவனம் ஒரு செல்லாத ஓட்டின் படத்துக்குக் கிடைப்பதில் கால்வாசிகூட இல்லை.

உங்களுக்கு இனி ஏதாவது "மோசடி ஆதாரம்" படம் வந்தால் முதலில் அது எந்தத் தாள் என்று பாருங்கள். பலகையில் கோடு போட்ட தாள் என்றால் எண்ணிக்கை பாதியில் எடுத்ததாக இருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சாவடியில் எண்ணி முடித்து, அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு வெளியே ஒட்டும் படிவத்துக்கு எண் 5/18. அந்தப் படிவமும் ஆணையம் வெளியிட்ட தொகுதிக் கணக்கும் முட்டிக்கொண்டால்தான் விஷயம். எண்கள் பல நேரம் தாய்லாந்தின் சொந்த எண் வடிவங்களில் இருக்கும், நம்ம ௧ ௨ ௩ மாதிரி. கைவசம் அப்படிப் படம் இருந்தால் இங்கேயே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.